கனடா குளிரில் திரும்பி வந்த கோடுகள்

கேள்வி:

அக்கா, வணக்கமுங்க. கோபிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுது. ஏழெட்டு வருசமாக வீட்டிலேயே குயில்ட், அதுதான் துண்டுத் துணிகளை இணைத்து உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை, தைக்கிறேன். ஈரோட்டில் கிலோ கணக்கில் வாங்குகிற காட்டன் கட்பீஸ்தான் முதல். கனடாவில் கால்கரியில் இருக்கிற மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பேத்திக்கென்று மூன்று மாதம் உட்கார்ந்து ஒன்று தைத்தேன். நடுவில் சந்தன நிறம், சுற்றிலும் அரக்கு பார்டர். அயன் பண்ணினால் அழிகிற பேனாவில் தாமரை வரைந்தேன், சந்தனத்தில் நீல ரீஃபில், அரக்கில் கறுப்பு. தைத்து முடித்துத் தேய்த்தேன், ஒரு கோடு இல்லை. புதுசு போல இருக்கட்டும் என்று தண்ணீரில் போடாமல் அப்படியே தை மாதம் பார்சல் அனுப்பினேன். அங்கே ஒரு ராத்திரி முழுக்க வாசலில் கிடந்ததாம். காலையில் பிரித்த மகள் வீடியோவில் காட்டுகிறாள். அழித்த நீலக் கோடு அத்தனையும் நிற்கிறது, தப்பாக வரைந்து திருத்தினது உட்பட. பார்டரில் கறுப்புக் கோட்டோடு அங்கங்கே வெள்ளையாகவும் ஒரு சுவடு. பக்கத்தில் சம்பந்தியம்மா நிற்கிறார். வெசனம் தாங்கலைங்க. இதை எப்படிப் போக்குவது? கார்த்திகையில் ஜெர்மனிக்கு ஆறு குயில்ட் அனுப்ப ஆர்டர் இருக்கிறது. அந்தப் பேனாவை இனித் தொடலாமா, கூடாதா? பன்னிரண்டு ரீஃபில் வேறு வாங்கி வைத்துவிட்டேன்.

பதில்:

அன்புள்ள அம்மிணிக்கு,

முதலில் வெசனத்தை இறக்கி வையுங்கள். மூன்று மாதத் தையல் எங்கும் போய்விடவில்லை. சந்தனத் துணியில் நிற்கிற நீலக் கோடு பெரும்பாலும் போய்விடும். அரக்கு பார்டரின் வெள்ளைச் சுவடு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். ஆனால் இதைப் படித்த கையோடு மகளுக்கு ஒரு போன் போட்டு, "அதை அயன் பண்ணிடாதே கண்ணு, டிரையரிலும் போட்டுறாதே" என்று சொல்லிவிடுங்கள். கோடு கண்ணுக்குத் தெரிகிற இந்த நேரத்தில்தான் அதை வெளியேற்ற முடியும்.

நான் கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியில், சேம்பிள் செக்ஷனிலும் பிறகு செக்கிங்கிலுமாக 28 வருடம் இருந்தவள். மேஜை விரிப்பு, ஏப்ரன், ஓவன் கிளவுஸ், குயில்ட் எல்லாம் கை வழியே போயிருக்கின்றன. இந்தப் பேனா புதிதாக வந்தபோது எங்கள் டேபிளில் ஒரே கொண்டாட்டம். அதற்கு முன்னால் டெய்லர் சாக்கில் கோடு போட்டு, பாதி தைப்பதற்குள் கோடு உதிர்ந்து, திரும்பப் போட்டு, அப்படித்தான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. முடி போல மெல்லிய கோடு, உதிராது, இஸ்திரிப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தால் காணோம் என்றால் யார்தான் மயங்க மாட்டார்கள்? அதனால் நீங்கள் மயங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்த மை என்னதான் செய்கிறது என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் மிச்சத்தை நீங்களே யோசித்துவிடுவீர்கள். இந்த வகைப் பேனாவைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் பைலட் நிறுவனம். சூட்டுக்கு நிறம் மாறும் மையில் அவர்கள் 1970களிலேயே இறங்கிவிட்டார்கள். ஃப்ரிக்‌ஷன் என்ற பெயரில் 2006இல் ஐரோப்பாவிலும் 2007இல் ஜப்பானிலும் பேனாவாக வந்தது. ஃப்ரிக்‌ஷன் என்றால் உரசல். பேனாவின் பின்முனையில் இருக்கிற ரப்பரால் தாளில் உரசினால் சூடேறும், எழுத்து மறையும். காகிதத்தில் எழுதி அழிப்பதற்கான பேனா அது. துணிக்கு இழுத்து வந்தது தையல்காரர்கள் நாம்தான்.

மைக்குள்ளே மிதப்பது கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு உருண்டைகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மைக்ரான், அதாவது தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான் வரும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். தனியாக இருந்தால் நிறமே காட்டாத ஒரு சாயம். அதோடு சேர்ந்தால் நிறத்தைக் கொண்டுவருகிற ஒரு பொருள். இந்த இரண்டுக்கும் நடுவே உருகியும் உறைந்தும் ஆட்டிவைக்கிற மெழுகு மாதிரி ஒன்று. ஏறக்குறைய 60 டிகிரி சூடு பட்டதும் மெழுகு உருகி மற்ற இரண்டையும் பிரித்துவிடுகிறது. நிறம் காணாமல் போகிறது. உருண்டை மட்டும் துணி இழையில் ஒட்டினபடியே இருக்கிறது.

மார்கழிக் காலையில் குளியலறைப் பாட்டிலில் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெயிலில் வைத்தால் தெளிந்து பாட்டிலே காலி போலத் தோன்றும். எண்ணெய் எங்கும் போகவில்லை என்று நமக்குத் தெரியும். உங்கள் கோடும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம். தேங்காயெண்ணெய் உருகுகிற சூட்டை ஒட்டியே திரும்ப உறைந்துவிடும். இந்த மெழுகை அப்படி உறையாதபடி தயாரித்திருக்கிறார்கள். 60 டிகிரியில் உருகியது, சாதாரண அறைச் சூட்டுக்கு ஆறிய பிறகும் உருகிய புத்தியிலேயே இருக்கும். மைனஸ் 10 டிகிரிக்குப் போனால்தான் நிறம் எட்டிப் பார்க்கும். மைனஸ் 20ஐத் தொட்டால் முழுசாகத் திரும்பும். கால்கரியில் தை மாத ராத்திரி மைனஸ் 20க்குக் கீழே போவது அதிசயமில்லை. உங்கள் பார்சல் அந்த வாசலில் ஒரு ராத்திரி கிடந்தது. அவ்வளவுதான் நடந்தது.

நம் பக்கத்தில் இந்தக் குட்டு உடையவே உடையாது, அதுதான் இதில் வில்லங்கம். கோபியில் எந்தக் குளிர் மைனஸைத் தொட்டது? உறைபனி கொட்டுகிற ஊட்டியில்கூட பூஜ்யத்தை ஒட்டி நிற்குமே தவிர மைனஸ் 10க்கு இறங்காது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலும் வராது, மேலே ஐஸ் அறையில்தான் வரும். அதனால் வருடக் கணக்கில் இந்தப் பேனாவில் தைத்து விற்கிறவர்கள், "எனக்கு ஒரு தடவைகூடத் திரும்பி வரலீங்க" என்று சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் துணி கொங்கு நாட்டை விட்டுக் குளிர்தேசத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்துக் கஷ்டம் நமக்கு உண்டு. தமிழ்நாட்டில் சித்திரை வெயில் அதிகம் அடித்த ஊர்ப் பட்டியலில் எங்கள் கரூர் பரமத்தியின் பெயர் அடிக்கடி வரும். அந்த வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காரின் முன்பலகை மேல் வைத்த பொருள் 60 டிகிரியைச் சுலபமாகத் தொடும். டிசைன் வரைந்த துணியை அங்கே வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால், வரும்போது வெறும் துணிதான் இருக்கும். இன்னொன்று, ஒரு இணைப்பைத் தேய்த்துப் படுக்க வைக்கும்போது பக்கத்தில் வரைந்திருக்கிற, இன்னும் தைக்காத கோடும் சேர்ந்து போய்விடும். அப்படிப் போனதை ஐஸ் அறையில் ஒரு ராத்திரி வைத்துத் திரும்ப எடுத்ததும் உண்டு. அந்த வித்தையைத் தெரிந்து வைத்திருந்தும், அதுதான் குளிர்தேசத்திலும் நடக்கும் என்று ஒரு வருடம் வரைக்கும் என் மண்டையில் உறைக்கவில்லை பாருங்கள்.

வெள்ளைச் சுவடு வேறு ரகம். இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன்னால் கருநீல மேஜை விரிப்பு ஒரு ஆர்டர். மூலையில் குறுக்குத் தையல் வருகிற இடத்தை இந்தப் பேனாவில் குறிக்கலாம் என்று சேம்பிள் டேபிளில் முடிவெடுத்தது நான்தான். வெளிர் நிறத் துணியில் போட்டுப் பார்த்தேன், அழிந்தது, சரி என்றுவிட்டேன். கருநீலத்தில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தையல் முடிந்து பிரஸ்ஸிங் போனதும் கோடு மறைந்தது, அது இருந்த இடத்தில் சாம்பல் பூசியது போல ஒரு வெளிறல் நின்றது. டியூப்லைட்டில் தெரியவில்லை. மறுநாள் காலை வாசல் வெளிச்சத்தில் செக்கர் பெண் ஒருத்திதான் பிடித்தாள். துடைத்தோம், கழுவினோம், சிலதில் போனது, சிலதில் போகவே இல்லை. போகாததைப் பிரித்து மூலைத் துணியை மாற்றித் தைத்தோம். அந்த வாரம் நான் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

அப்போது கற்றது இது. அடர் நிறத் துணியில் இரண்டு விதமான சுவடு வருகிறது. ஒன்று, நிறமிழந்த மை உருண்டைகளே மெல்லிய படலமாக மேலே உட்கார்ந்து வெளிறித் தெரிவது. இது கழுவினால் பெரும்பாலும் குறையும். மற்றது, மை துணியின் சாயத்தையே கொஞ்சம் இழுத்துவிடுவது. இது கழுவினாலும் போகாது, ஏனென்றால் அங்கே கழுவ ஒன்றுமில்லை, போனது துணியின் நிறம். எந்தச் சாயத்தில் எது வரும் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஒரே அரக்கு இரண்டு மில்லிலிருந்து வந்தால் இரண்டு விதமாக நடக்கும். நீங்கள் வாங்குவதோ கட்பீஸ். எந்த லாட், எந்தச் சாயம் என்று விற்கிறவருக்கே தெரியாது.

இப்போது மகள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

கழுவுவதற்கு முன்னால் அரக்குச் சாயம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கட்பீஸை நனைக்காமல் தைத்திருந்தால் இது முக்கியம். பேனாக் கோட்டை எடுக்கப் போய், அரக்கு இறங்கிச் சந்தனம் முழுக்க ரோஸ் ஆகிவிட்டால் அதற்குப் பிறகு நான் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, பார்டரின் ஒரு மூலையில் வைத்து ஐந்து நிமிடம் அழுத்தி எடுக்கட்டும். வெள்ளையில் சிவப்பு ஏறினால் முழுசாக நனைக்கவே கூடாது, கோடு இருக்கிற இடத்தை மட்டும் துடைக்கும் வேலைதான். ஏறாவிட்டால், நிறைய குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் திரவ சோப்பு, மென்மையான ஓட்டத்தில் மெஷினில் ஒரு சுற்று. ஊறப்போட வேண்டாம். முடிந்ததும் உடனே எடுத்து, சூடு காட்டாமல் வீட்டுக்குள்ளேயே விரித்துக் காயப்போட வேண்டும்.

காய்ந்த பிறகு உங்கள் மகளுக்கு நம்மை விட ஒரு வசதி இருக்கிறது. நாம் சோதிக்க ஐஸ் அறையில் இடம் தேட வேண்டும். அவள் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நல்ல குளிர் நாளில் பால்கனியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். மிச்சமிருக்கிற மை அத்தனையும் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். காட்டிய இடத்தில் பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஒரு சொட்டு, மென்மையான டூத் பிரஷ், இழை கலையாமல் தையலின் போக்கிலேயே தேய்த்து அலசட்டும். பிடிவாதமான இடத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றலாம், அதையும் முதலில் பின்பக்கத்து மூலையில் ஒற்றிச் சாயம் வருகிறதா என்று பார்த்த பிறகு. பிறகு இன்னொரு கழுவல், இன்னொரு ராத்திரி பால்கனி. கோடு வரவில்லை என்றால்தான் இஸ்திரிப் பெட்டியைத் தொட வேண்டும். நீங்கள் செய்த பிசகு அந்த வரிசையில்தான் இருந்தது. தேய்த்தது முதலில், கழுவல் இல்லவே இல்லை. முதலில் தேய்த்துவிட்டால் எங்கே மை இருக்கிறது என்றே தெரியாமல் கழுவுகிறோம்.

எல்லாக் கோடும் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மெஷின் ஊசி கோட்டின் மேலேயே நூறு குத்துக் குத்தியிருக்கும். ஒவ்வொரு குத்திலும் கொஞ்சம் மை உள்ளே பஞ்சு வரைக்கும் போயிருக்கலாம். மங்கலாக ஏதாவது நின்றால் வீட்டுக்குள் புழங்குகிற குயில்ட்டுக்கு அது பெரிய பாதகமில்லை. ஹீட்டர் போட்ட வீட்டில் கோடு திரும்பாது. பனிக்காலத்தில் ராத்திரி காரில் விட்டுவிட்டால்தான் வரும். வந்தாலும் ஒரு தேய்ப்பில் மறையும். குழந்தை கடித்துச் சப்புகிற ஓரத்தை மட்டும் நன்றாகக் கழுவிவிடச் சொல்லுங்கள், மை எதுவானாலும் குழந்தை வாய்க்குப் போக வேண்டாம்.

பார்டரின் வெள்ளைச் சுவடு இரண்டு கழுவலுக்குப் பிறகும் நின்றால், சாயம் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டு அதன் மேல் தையல் போட்டுவிடுங்கள். அரக்கை விட ஒரு சாயல் அடர்ந்த எம்பிராய்டரி நூல், இரண்டு இழை, சாதாரண ஓட்டுத்தையல். சுவடு போகிற வழியிலேயே போனால் தாமரைக்கு இன்னொரு வரி சேர்ந்தது போலத்தான் இருக்கும். மகளுக்குக் கை வராவிட்டால் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கொண்டுவரட்டும். சம்பந்தியம்மாவிடம், "பாட்டி கையால போட்ட கோடு, அழிக்க மனசில்லை" என்று சொல்லிவிட்டாலும் ஆயிற்று. நான் அப்படித்தான் சமாளித்திருப்பேன்.

ஜெர்மனி ஆர்டருக்கு இந்தப் பேனாவைத் தொடலாமா என்றால், மேலே தெரிகிற எந்தக் கோட்டுக்கும் வேண்டாம் என்பேன். ஜெர்மனி கால்கரி அளவுக்குக் குளிராது, கார்த்திகையில் பெரும்பாலும் பூஜ்யத்துக்கு அக்கம்பக்கம்தான். ஆனால் மைனஸ் 10 வராத ஊரும் அல்ல. அதோடு அங்கே வாங்குகிறவர் அதைப் பரிசாக வேறெங்கோ அனுப்பினால் யாருக்குத் தெரியும்? பேத்திக்குச் செய்ததில் கோடு நின்றால் வெசனத்தோடு போகும், காசு கொடுத்தவரிடம் நின்றால் அடுத்த ஆர்டரே போகும். துண்டு வெட்டுவதற்கு, தையல் மார்ஜினுக்குள்ளே மறைகிற புள்ளிக்கு, பின்பக்கத்தில் எண் போடுவதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வெளிர் துணியில், பின்பக்கம் போட்டது முன்பக்கம் தெரியாத அளவுக்குக் கெட்டியான துணியில் மட்டும்.

மலிவு ரீஃபிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது தையல் சாமான் கடைகளில் பெயரில்லாத ரீஃபில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. நான் வாங்கிப் பார்த்ததில் ஒரு கட்டு ஒரு மாதிரியும் அடுத்த கட்டு வேறு மாதிரியும் நடந்துகொண்டன. ஒன்றில் சிவப்பு மறைந்து மஞ்சளாக ஒரு நிழல் நின்றது. 60, மைனஸ் 10 என்று நான் சொன்ன கணக்கெல்லாம் அசல் பேனாவுக்கு. கட்டில் வருவதற்கு அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

அப்படியானால் எதில்தான் வரைவது? உங்கள் பாட்டி பழைய சேலையை நாலாக மடித்துப் பிள்ளைக்கு விரிப்புத் தைத்தபோது எதில் வரைந்தார்? ஒன்றிலும் வரையவில்லை, முந்தின தையலைப் பார்த்து அடுத்த தையலை ஓட்டினார். நேர்கோட்டுக் குயில்ட்டுக்கு இன்றைக்கும் அதுவே போதும். தாமரைக்குப் போதாது, தெரியும்.

அரக்கு, கருநீலம், கறுப்பு இவற்றுக்கு எனக்குப் பிடித்தது தேய்ந்துபோன சோப்புக்கட்டிதான். பழைய டெய்லர்கள் மிஷின் டிராயரில் ஒரு சில்லு வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் குளியல் சோப்பு, கடைசியில் இலை மாதிரி மெலியும்போது எடுத்து நன்றாகக் காயவைத்து, கத்தியால் ஓரம் சீவினால் பென்சில் போலக் கோடு விழும். கலர் சோப்பு வேண்டாம், கிரீம் சேர்த்த எண்ணெய்ப் பசை சோப்பும் வேண்டாம். இதன் அழகு என்னவென்றால், கறை போக்குகிற பொருளையே கோடாகப் போடுகிறீர்கள், தண்ணீர் பட்டால் போய்விடும். கழுவுவதற்கு முன்னால் அதன் மேல் பெட்டி வைக்காமலிருந்தால் போதும். டெய்லர் சாக் வாங்கினால் உடைந்து தூளாகிற ரகமாகப் பாருங்கள். மெழுகு ரகம் வழவழவென்று நன்றாக விழும், ஆனால் சூடு பட்டால் உருகி எண்ணெய்க் கறை போல இறங்கிவிடும்.

தாமரை மாதிரி ஒரே டிசைன் ஆறு குயில்ட்டில் வரும்போது ஆரி வேலைக்காரர்கள் வழிதான் லாபம். டிரேசிங் பேப்பரில் ஒரு தடவை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போவது. கையால் குத்தினால் விரல் வலிக்கும். மிஷினில் நூல் கோக்காமல் கோட்டின் மேல் ஓட்டினால் அரைமணி வேலை. அவர்கள் ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து அந்த ஓட்டை வழியே துணியில் தேய்ப்பார்கள். பட்டு ரவிக்கைக்கு அது சரி. நீங்கள் குழந்தைப் போர்வை தைக்கிறீர்கள், மண்ணெண்ணெய் வாசம் வேண்டாம். சாக் பவுடரைச் சிறு துணிப் பொட்டலமாகக் கட்டி ஓட்டைகளின் மேல் தட்டினால் புள்ளி புள்ளியாக விழும். பேப்பரை எடுத்ததும் சோப்புச் சில்லால் புள்ளிகளை இணைத்துவிடுங்கள். ஒரு பேப்பர் ஆறு குயில்ட்டுக்கும் வரும், ஆறு தாமரையும் ஒன்று போலவே இருக்கும்.

சந்தனம், வெள்ளை போன்ற வெளிர் துணிக்கு நிறமே இல்லாத கோடு போடலாம். ஜப்பானியத் தையலில் ஹெரா என்று ஒரு மழுங்கல் கருவி உண்டு, அழுத்தி இழுத்தால் துணியில் மடிப்புத் தடம் விழும். அதை வாங்கத் தேட வேண்டியதில்லை. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, ஒரு சொட்டும் மிச்சமில்லை என்று பேப்பரில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டு, அடியில் கொஞ்சம் மெத்தென்ற துணி போட்டு அழுத்தி வரையுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். ஒரு நாளில் தைக்கிற அளவுக்கு மட்டும் வரைந்துகொள்ள வேண்டும், அடுத்த நாளைக்குத் தடம் மங்கிவிடும்.

தண்ணீரில் அழிகிற நீலப் பேனாவும், தானாக அழிகிற ஊதாப் பேனாவும் கடையில் உங்களிடம் நீட்டுவார்கள். நீலப் பேனா நல்ல பேனாதான், ஆனால் அதன் குணம் நேர் எதிர். கழுவும் முன் சூடு பட்டால் கோடு பழுப்பாகி நிலைத்துவிடும். உங்களுக்கோ பெட்டியை இழுக்கிற பழக்கம் கையில் ஊறியிருக்கிறது, இரண்டு பேனாவையும் ஒரே டப்பாவில் வைக்கவே வைக்காதீர்கள். அதை எடுக்க ஈரத்துணியில் ஒற்றினால் பற்றாது, குளிர்ந்த தண்ணீரில் முழுசாக முக்கி எடுக்க வேண்டும். ஊதாப் பேனா காற்றுப் பட்டு சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மறையும். ஈரோட்டுக்குப் பக்கத்துக்காரிக்கு இதை விளக்கத் தேவையில்லை. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கிறதல்லவா, இதிலும் சில பேனாக்களில் அந்த மாதிரி வித்தைதான் நடக்கிறது. காற்றிலிருக்கிற கரியமில வாயுவும் ஈரமும் பட்டு நிறம் போகிறது, காரமான சோப்புப் பட்டால் சிலசமயம் திரும்பி வருகிறது. வெறும் தண்ணீரில் முதலில் அலசிவிட்டுச் சோப்புப் போட்டால் தொல்லை குறையும். சொன்னதும் ஞாபகம் வருகிறது, மஞ்சள் தூளைத் தட்டி டிசைன் எடுக்கிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம்.

ஆர்டருக்குத் துணி எடுத்ததும் முதல் வேலையாகக் கட்பீஸ் அத்தனையையும் நனைத்துக் காயவைத்துத் தேய்த்துவிடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும், சாயம் போவது இப்போதே போகட்டும். பிறகு ஒவ்வொரு நிறத்திலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, எதில் வரையப் போகிறீர்களோ அதில் ஒரு கோடு போட்டு, அடியில் பஞ்சு வைத்து அதன் மேலேயே நாலு தையல் ஓட்டி, இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். நிஜத்தில் கோடு போட்ட அன்றே நீங்கள் கழுவப் போவதில்லை, வாரக் கணக்கில் அது துணியில் இருக்கும். அதனால் சோதனையும் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கழுவிக் காயவைத்து, ஐஸ் அறையில் ஒரு ராத்திரி, வெளியே எடுத்து வாசல் வெளிச்சத்தில் பார்வை. கடைசியாகத் தேய்த்து இன்னொரு பார்வை. இந்தத் துண்டுகளில் நிறத்தின் பெயரும் தேதியும் எழுதி ஒரு நோட்டில் குத்தி வையுங்கள். அடுத்த வருடம் அதே கடையில் அதே அரக்கு வாங்கினாலும் திரும்பச் சோதியுங்கள், லாட் மாறியிருக்கும்.

தைத்து முடித்த ஆறையும் இந்தத் தடவை கழுவி அனுப்புங்கள். கழுவினால் புதுசு போய்விடும் என்கிற பயம் நம் ஊர்க் கடைக்குச் சரி, மடிப்புக் கலையாத சேலைக்குத்தான் இங்கே மதிப்பு. காட்டன் குயில்ட்டைக் கழுவினால் தையலுக்கு நடுவே லேசாகச் சுருங்கிப் பொத பொதவென்று எழும்பும், குயில்ட் வாங்குகிறவர்களில் பலர் கேட்பதே அந்தச் சுருக்கத்தைத்தான். கழுவி அனுப்புவதாக முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை.

அந்தப் பன்னிரண்டு ரீஃபிலைத் தூக்கிப் போட வேண்டாம். காகிதத்தில் டிசைன் போட்டுப் பார்க்கவும், அட்டை டெம்ப்ளேட்டில் அளவு குறித்து மாற்றவும் அதைப்போல வசதி கிடையாது. ஒன்றே ஒன்று, பேங்க் செக்கிலோ, சங்கத்துப் படிவத்திலோ, பத்திரத்திலோ அந்தப் பேனா தவறியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட தாளைச் சூட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அதனால் வீட்டில் எல்லோரும் எடுக்கிற பேனா டம்ளரில் போடாமல் தையல் டப்பாவிலேயே வையுங்கள்.

மகள் கழுவி, பால்கனியில் வைத்து எடுத்த பிறகு எனக்கு ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். பார்டரைப் பகலில், ஜன்னலோரம் வைத்து எடுக்கட்டும். விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் அந்த வெள்ளைச் சுவடு இருக்கிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது.